அக்காவின் அடிவயிற்று நோ

அந்த நோயைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கவில்லை. கிருமி எந்த வடிவம், எந்தச் சாயத்தை ஏற்காது, எத்தனை நாளில் எரிவு தொடங்கும், ஆணுக்கு எங்கே பதுங்கும், பெண்ணுக்கு எதுவரை ஏறும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவித்திருப்பேன். முப்பதுகளில் நான் கொழும்பில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடப் பரீட்சையில் கொனோரியாவைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. மூன்று பக்கம் எழுதினேன். ஒன்றும் அறியாத மனைவிக்குக் கணவனிடமிருந்து அது தொற்றுவதையும், அவளுடைய கருக்குழாய்கள் அடைபட்டுப்போவதையும், பிறகு ஊர் அவளை மலடி என்று சொல்வதையும் எழுதினேன். கடைசிச் சங்கதி பாடப்புத்தகத்தில் இல்லை, நானாகச் சேர்த்தது. அதற்காகவே எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது. பல நாள் அந்தப் பெருமையில் மிதந்தேன்.

படித்த படிப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான். கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் அச்சடித்த தாள் ஒன்று இருக்கும். அதிலுள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். நாங்கள் ஆங்கிலத்தில் வாசிப்போம். பக்கத்தில் நிற்கும் ஆஸ்பத்திரி ஊழியர் அதைச் சிங்களத்திலோ தமிழிலோ உரத்த குரலில் கேட்பார். அவர் பாவித்த சொற்கள் சந்தையில் சண்டை பிடிப்பவர்கள் பாவிக்கிற சொற்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கப்பற்காரர்கள், கையில் குழந்தையோடு வந்த பெண்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் அது கேட்கும். எங்களுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. கிளினிக் முடிந்ததும் கார்பாலிக் சோப் போட்டுத் தோல் உரியும்வரை கை கழுவுவோம். பிறகு தேநீர் குடித்துக்கொண்டு அன்று வந்தவர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரிப்போம். நானும் சிரித்தவன்தான்.

நாங்கள் அந்த நோயைத் துறைமுகத்து வருத்தம் என்றே சொல்வோம். யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் ஏழெட்டுப் பேர் ஒரே விடுதியில் இருந்தோம். இந்த வருத்தம் நல்ல குடும்பங்களுக்குள் வராது என்பதில் எங்களுக்குள் இரண்டாம் பேச்சே இருக்கவில்லை. புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. எங்களுக்கு யாரும் அப்படிப் படிப்பிக்கவும் இல்லை. எண்ணெய் வைத்துத் தலை வாருகிற பழக்கத்தைப் போல அது வீட்டிலிருந்து எங்களோடு ரயிலேறி வந்த எண்ணம்.

லீவுக்கு அச்சுவேலிக்கு வரும்போது அந்தப் புத்தகத்தையும் கொண்டுவருவேன். படங்கள் உள்ள பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் குண்டூசி குத்தி வைத்திருந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் படம் பார்க்கத் தெரியுமல்லவா? அக்காவும் சில வேளை புத்தகத்தைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு பாரத்தையும் தலையிலை ஏத்துறியோ?" என்று கேட்பாள். குண்டூசி குத்தியிருந்த பக்கங்களை அவள் கண்டிருப்பாள். ஒன்றும் கேட்டதில்லை.

அக்கா என்னை விட நாலு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டாலும் எங்கள் வீட்டில் கணக்கு வழக்குத் தெரிந்த ஆள் அவள்தான். மலாயாவில் ரயில்வேயில் கிளாக்கராக இருந்த ஒருவர் லீவில் வந்து அவளுக்குத் தாலி கட்டினார். அளவெட்டியைச் சேர்ந்தவர், கோட்டும் சப்பாத்துமாக வந்தார். எங்கள் வளவுக்குப் பக்கத்திலேயே ஐயா தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த கல்வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். ஆறாம் மாதம் ரப்பர் விலை விழுந்து, வேலை இல்லையென்று மலாயாவிலிருந்து கடிதம் வந்தது. அத்தான் கோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு அளவெட்டியில் தன் தகப்பனுடைய தோட்டத்தில் புகையிலை வைக்கத் தொடங்கினார். நல்ல மனிதர், அதிகம் கதைக்கமாட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

நான் கடைசி வருடத்துக்குப் போயிருந்தபோது ஆவணி லீவில் வீட்டுக்கு வந்தேன். வந்த அன்றே அம்மா அழுதாள். கலியாணமாகி மூன்றரை வருடமாகியும் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. சஷ்டி விரதம், அரசமரம், நேர்த்தி எல்லாம் செய்தாகிவிட்டது. மூன்று மாதமாக அத்தான் தாய் வீட்டில்தான் நிற்கிறாராம். தாயார் அவருக்கு வேறு இடத்தில் பெண் பார்க்கிறாவாம். தாலி கட்டியதோடு சரி, பதிவு எழுதவில்லை, அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான். ஆகவே அவர் இன்னொருத்தியைக் கட்டினால் கேட்பதற்குச் சட்டமும் இல்லை. அக்கா இருபத்தாறு வயதில் கல்வீட்டில் தனியே விளக்கேற்றிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்திலும் என்னுடைய கெட்டித்தனத்தைக் காட்டத்தான் முந்தினேன். "குறை ஆரிலை எண்டு பாக்காமல் உவையள் எப்பிடிப் பொம்பிளை பாக்கிறது?" என்று கேட்டேன். அக்காவை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னேன். மிஷன்காரர் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றிப்போடுவார்கள் என்று அம்மா பயந்தாள். ஐயாதான், "டொக்டருக்குப் படிக்கிறவன் சொல்லுறான், போகட்டும்" என்றார்.

அக்காவும் நானும் பஸ்சில் போனோம். வழி முழுக்க அவள் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மானிப்பாயை நெருங்கியதும், "எல்லாம் கேப்பினமோ?" என்று மட்டும் கேட்டாள். "ஓம், கேப்பினம். வெக்கப்படாமல் சொல்லு" என்றேன். எவ்வளவு இலேசாகச் சொன்னேன் என்று இப்போது நினைக்க எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

அங்கே இருந்த டொக்டரம்மா இந்தியாவில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நாற்பது வயதிருக்கும், வெள்ளைச் சேலை. என்னை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவுக்குப் பதிலாகத் துணித்தட்டிதான் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். ஆனாலும் எனக்கு எல்லாம் கேட்டது.

"உங்க வீட்டுக்காரருக்கு எப்பவாவது ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல், சீழ் வர்றது, அப்படி ஏதாச்சும் இருந்துச்சாம்மா?"

கொழும்பில் நாங்கள் தாளைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்த அதே கேள்வி. ஆஸ்பத்திரி ஊழியர் வசைச்சொல்லில் கேட்ட அதே கேள்வி. அதைச் சாதாரணத் தமிழில், சாப்பிட்டாயா என்று கேட்பது போலக் கேட்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் காது சூடேறியது.

"இருந்தது" என்றாள் அக்கா. ஒரு தயக்கமும் இல்லை. "கலியாணம் முடிச்சு ஒரு வருஷத்தாலை வந்தது. வெட்டை எண்டு சொன்னவர். சூட்டாலை வாறதாம். பரியாரியாரிட்டை மூலிகைக் குடிநீர் வாங்கிக் குடிச்சவர், நிண்டிட்டுது."

"அப்புறம் உங்களுக்கு?"

"எனக்குப் பிறகுதான் நோ வந்தது. அடிவயித்திலை, இடுப்பு நாரியிலை. குலைப்பன் காய்ச்சலும். வெள்ளையும் பட்டது."

"எத்தனை நாள் படுத்திருந்தீங்க?"

"பத்து நாள். தம்பி கொழும்பாலை லீவிலை வந்து நிண்ட நேரம். அவன் மருந்து தந்தவன்."

நான் அதை மறந்தே போயிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன், மூன்றாம் வருடப் பரீட்சை எழுதிவிட்டு வந்த லீவு. அக்கா பாயில் சுருண்டு கிடந்தாள். அம்மா என்னைக் கூப்பிட்டு, "அவளுக்கு அடிவயிறு நோகுதாம், என்னெண்டு பார்" என்றாள். நான் வாசலில் நின்றபடியே, "என்ன சாப்பிட்டனி?" என்று கேட்டேன். பிறகு கை பிடித்து நாடி பார்த்தேன். வயிற்றைத் தொட்டும் பார்க்கவில்லை, அக்காவின் வயிற்றைத் தம்பி எப்படித் தொடுவது? வாயு என்றேன். ஓமவாட்டரும் சோடாத்தூளும் கரைத்துக் கொடுத்தேன். என்னுடைய முதல் நோயாளி என்று எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். அக்காவும் நோவோடு சிரித்தாள்.

பரீட்சைத் தாளில் மூன்று பக்கம் எழுதி ஒரு மாதமும் ஆகவில்லை அப்போது.

டொக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். அக்காவை வைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு குழாய்களும் தடித்து அடைபட்டிருக்கின்றன, இனிப் பிள்ளை பிறக்கும் என்று தான் நம்பவில்லை, கணவருக்குள் நோய் இன்னும் இருக்கலாம், அவர் வந்து பார்க்க வேண்டும், அவர் இன்னொரு பெண்ணைக் கட்டினால் அவளுக்கும் இதுவேதான் நடக்கும் என்றார். பிறகு நான் எத்தனையாம் வருடம் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அக்கா சொன்ன "தம்பி" நான்தான் என்பது அவருக்குத் தெரிந்துதானே இருக்கும். "இவங்களுக்கு நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று தமிழில் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. பஸ்சில் அக்கா, "டொக்டரம்மா இங்கிலீசிலை என்ன சொன்னவ?" என்று கேட்டபோது, "மருந்து தந்திருக்கிறா. அத்தானையும் வரட்டாம்" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். வீட்டில் அம்மா கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களெல்லாம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டன.

நாலு நாள் கழித்து, லீவு முடிவதற்கு முன் அத்தானைக் கண்டே ஆகவேண்டும் என்று சைக்கிளில் அளவெட்டிக்குப் போனேன். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தோட்டத்தில் வாய்க்கால் கட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு, "வாரும் தம்பி" என்றார். பூவரசு நிழலில் இருந்தோம். படிப்பு எப்படி என்று கேட்டார். மழை எப்படி என்று கேட்டேன். இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் புகையிலைப் பக்கம் போய்விட்டேன். பிறகு, ஏனென்று தெரியாமலே, ஆங்கிலத்தில் பேச்சை எடுத்தேன்.

அவரும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். கோவணமும் சேறு பூசிய காலுமாக இருந்த மனிதர் ஒரு நொடியில் கந்தோர்க் கிளாக்கர் ஆகிவிட்டார், அவ்வளவு மரியாதையான, கடிதம் எழுதுவது போன்ற ஆங்கிலம். நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் அந்த மொழியில் பேசியது அன்றுதான் முதல் தரம். அதில் எங்களுக்கு அக்காவும் இல்லை, மச்சான் முறையும் இல்லை. நான் தாளிலுள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அவர் வரிசையாகப் பதில் சொன்னார். மலாயாவில் தனியாட்களாக ஆறு பேர் ஒரு வீட்டில் இருந்தார்களாம். சம்பள நாளில் எல்லோரும் போவார்களாம், இவரும் இரண்டு மூன்று முறை போயிருக்கிறார். நோய் வந்தது. ஒரு சீன டொக்டர் மருந்துநீர் ஏற்றிக் கழுவினார். நோ நின்றதும் மாறிவிட்டது என்று நினைத்தாராம், இங்கே திரும்ப வந்தபோது சூடு என்று நினைத்தாராம்.

"கலியாணத்துக்கு முன் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"யார் கேட்டார்கள்?" என்றார் அவர். "உங்கள் தகப்பனார் சாதகம் கேட்டார். காணி கேட்டார். சம்பளம் கேட்டார். கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடாமல் மற்றதையும் சொன்னேன். அக்காவுக்கு வந்தது சூட்டு நோவல்ல என்று சொன்னேன். அவளுக்கு இனிப் பிள்ளை இல்லை என்று சொன்னேன். வரப்போகிறவளுக்கும் இதுதான் நடக்கும் என்றேன். அவர் முகம் வெளிறியது.

பிறகு தமிழில் கேட்டார். "உம்மடை அக்காவுக்குத் தெரியுமோ?"

"உங்களாலை வந்ததெண்டு அவளுக்கு விளங்கியிருக்கும். இனிப் பிள்ளை இல்லையெண்டது தெரியாது. நான் இன்னும் சொல்லேல்லை."

அத்தான் எழுந்து கால் கழுவி வேட்டியை உடுத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நானும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். அவருடைய தாயார், எனக்கு மாமி முறை, முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா. என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினா.

"அம்மா, இனி எனக்குப் பொம்பிளை பாக்கத் திரிய வேண்டாம்" என்றார் அத்தான். "குறை என்னிலை."

மாமி நிமிர்ந்து பார்த்தா. "உவன் வந்து சொன்னவனோ? தமக்கையைக் காப்பாத்த உவன் சொல்லுவான் தானே."

"உவர் சொல்லேல்லை. நான் சொல்லுறன். மலாயாவிலை கூடாத இடத்துக்குப் போய் நான் தேடின வருத்தம். அதை அவளுக்கும் குடுத்திட்டன். இனி அவளுக்குப் பிள்ளை பிறவாது, அது என்ரை வேலை."

பக்கத்து வளவில் யாரோ தண்ணீர் அள்ளுகிற சத்தம் நின்றது. மாமி மிளகாய்ப் பாய்க்குப் பக்கத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டா. எனக்கு அந்த மனிதர்மேல் இருந்த கோபம் போய்விடவில்லை, ஆனால் அதோடு மரியாதையும் சேர்ந்துகொண்டது. ஐந்து வருடம் படித்த நான் அம்மாவுக்கும் அக்காவுக்கும் சொல்ல முடியாமல் விழுங்கியதை, அவர் பெற்ற தாய்க்கு நேரே, ஊர் கேட்க, தமிழில் சொல்லிவிட்டார்.

மறுநாள் பின்னேரம் அவர் தன் பெட்டியைக் கொண்டுவந்து கல்வீட்டில் வைத்தார். அக்கா அவருக்குச் சோறு போட்டாள். அவர் பிறகு பல மாதம் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிகிச்சை எடுத்தார் என்று ஐயா கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் ஐயா நோயின் பெயரை எழுதவில்லை, "அந்த அலுவல்" என்றே எழுதியிருந்தார்.

நான் கொழும்புக்குப் போகிற நாள் காலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். அத்தான் தோட்டத்துக்குப் போயிருந்தார். அவள் பின்விறாந்தையில் இருந்து சந்தைக்கு வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தாள். எதிரே நிலத்தில் இருந்தேன். இந்த முறை ஆங்கிலம் கைகொடுக்காது. டொக்டரம்மா பாவித்த சொற்களை ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துச் சொன்னேன். குழாய் இரண்டும் அடைபட்டுவிட்டது என்றேன். பிள்ளை பிறக்குமென்ற நம்பிக்கை இல்லை என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "அவர் சொல்லிப்போட்டார்" என்றாள். "நீ எப்ப சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அடுத்த பிடியைக் கட்டிக்கொண்டு, "நோ வந்த நேரமே தெரிஞ்சிருந்தால் ஆறியிருக்குமோ?" என்று கேட்டாள்.

"ஆறியிருக்கலாம். அப்பவும் நிச்சயமாச் சொல்லேலாது." அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணீர் வந்துவிட்டது. "எனக்குத் தெரியும் அக்கா. எல்லாம் படிச்சிருந்தனான். நீ காய்ச்சலோடை கிடக்கேக்கை நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றாள். "ஆனால் நீ கேக்கமாட்டாய். நான் உன்ரை அக்கா. ஆஸ்பத்திரியிலை வந்து கிடந்த ஆரோ ஒருத்தியாய் இருந்திருந்தால் கேட்டிருப்பாய், என்ன?"

"ஓம்" என்றேன்.